கேட்கப் பழைய செல்

டேப் ரிக்கார்டர் முன்னால் அத்தா உட்கார்ந்தால் ஒரு விரல் எப்போதும் நிறுத்துகிற பட்டன் மேலேயே இருக்கும். மஸ்கட்டிலிருந்து அண்ணன் பேசி அனுப்பிய கேசட் ஓடும். "சரி, வச்சிடறேன்" என்று அண்ணன் சொல்லி வாய் மூடுவதற்கும் அத்தாவின் விரல் இறங்குவதற்கும் நடுவே ஒரு மூச்சு விடக்கூட இடம் இருக்காது.

"பேசி முடிச்சிட்டான். அப்புறம் இன்னாத்துக்கு அது சும்மா சுத்திக்கினு?" என்பார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பாடு முடிந்து, கடையை மறுபடி திறக்கிறவரை கிடைக்கும் நேரம் அது. நடுவீட்டில் பாய் விரித்து நாங்கள் நான்கு பேரும் டேப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அத்தா, அம்மா, நான், அண்ணன் மனைவி மும்தாஜ். அவளை நான் மச்சி என்று கூப்பிடுவேன். சத்தத்தைக் கூட்டினால் பேட்டரி செல் சீக்கிரம் தீரும் என்று அத்தா குறைத்தே வைப்பார். அதனால் நான்கு தலையும் முட்டிக்கொள்கிற அளவுக்குக் குனிந்திருப்போம். அம்மா கை விசிறியைக் கீழே வைத்துவிடுவார், அந்தச் சத்தத்தில் மகன் பேசுவது விட்டுப்போய்விடும் என்று.

எந்த வருஷம் என்று யாரும் கேட்கவேண்டாம். வில்லியனூரில் எங்கள் தெருவுக்கு முதல்முதலாகத் தார் போட்டு, வெயிலில் அது செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள்.

கடைச் சரக்கு கடைக்குத்தான்

அத்தாவின் கடையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே கொஞ்சம் எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கயிறு, ஆணி, அரிக்கேன் விளக்குத் திரி, மண்வெட்டிப் பிடி, டார்ச் லைட், டார்ச்சுக்குப் போடுகிற செல், இதெல்லாம் விற்கிற கடை. ஆமாம், செல் விற்கிற கடைதான். அட்டைப் பெட்டியில் அடுக்கிவைத்திருந்த செல்லை அத்தா வீட்டுக்கு எடுத்துவந்து நாங்கள் பார்த்ததில்லை.

"கடைச் சரக்கு கடைக்குத்தான்" என்பது அவர் சட்டம். எங்கள் வீட்டு மண்வெட்டிக்குப் பிடி இல்லாமல் அம்மா பூவரசம் கொம்பைச் செருகி வைத்திருந்தார். சிரிக்கிற விஷயம்தான். அப்போது நாங்களும் சிரித்தோம்.

கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள்தான் செல்லுக்கு முக்கியமான வாடிக்கை. டார்ச் மங்கிவிட்டது என்று சாயங்காலம் வந்து நிற்பார்கள். பழைய செல்லைக் கடை வாசலிலேயே தட்டிக் கொட்டிவிட்டு, புதுசைப் போட்டு, எதிர்ச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கொட்டிவிட்டுப் போனதை அத்தா பொறுக்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். எங்கள் டேப் ஓடியது அந்தச் செல்லில்.

காலையில் அவற்றை மொட்டைமாடிச் சுவரில் வரிசையாக நிற்கவைப்பார். உச்சி வெயிலில் நன்றாகச் சுட்டதும் எடுத்து, துணியில் உருட்டித் துடைத்து, ஒரு சின்ன பல்பில் தொட்டுத் தொட்டுப் பார்த்து, உயிர் இருக்கிற நான்கைப் பொறுக்குவார். போட்டுக் கேட்டு முடித்ததும் உடனே வெளியே எடுத்துவிடவேண்டும். அடுத்த முறை முன்னால் இருந்தது பின்னால் போகும், பின்னால் இருந்தது முன்னால் வரும். ஸ்பிரிங் தளர்ந்த இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளை மடித்துச் செருகியிருந்தார். இவ்வளவு அக்கறையாக அவர் எங்களில் ஒருவரையும் கவனித்தது கிடையாது. இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

பெட்டி வந்த கதை

ஹபீப் அண்ணனுக்குக் கல்யாணமான சில வாரங்களிலேயே விசா வந்துவிட்டது. மச்சியின் கையில் மருதாணி வெளுத்திருந்தது, அழிந்திருக்கவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்தது கல் உடைக்கிற ஒரு கம்பெனியில். எப்போது பார்த்தாலும் தூசி என்று முதல் கேசட்டிலேயே சொன்னார். இருமிக்கொண்டே சிரித்தபடிதான் சொன்னார்.

அந்தக் கேசட்டோடு டேப்பையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஜப்பான் பெட்டி. மேலே கைப்பிடி, முன்னால் பியானோ மாதிரி பட்டன்கள். அதுவரை அப்படி ஒன்றை நான் பார்த்தது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒருவர் வீட்டில் மட்டும்தான், அதுவும் ஜன்னல் வழியாக.

வந்த புதிதில் கரண்டில் போட்டுத்தான் கேட்டோம். எங்கள் தெருக் கரண்டு ஒரு நேரம் பல்பை அகல்விளக்காக ஆக்கும், ஒரு நேரம் பல்பையே உடைத்துவிடும். ஒருநாள் போய்த் திரும்பி வந்த வேகத்தில் டேப்பின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. தேரடிப் பக்கம் கடை வைத்திருந்த ரேடியோ ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு, "கரண்டு சைடு போச்சு பாய். செல்லுல ஓடும். அத வச்சி ஓட்டிக்கங்க" என்று மூடிக் கொடுத்தார்.

அப்படித்தான் நாங்கள் செல்லிடம் மாட்டிக்கொண்டோம்.

கேசட்டைப் பின்னால் ஓட்ட டேப்பைப் பயன்படுத்தக்கூடாது. கேசட்டின் பல்லில் பென்சிலைக் கொடுத்துக் கையால்தான் சுற்றவேண்டும். அது என் வேலை. நாடா தொடுகிற இடத்தைப் பஞ்சில் ஓடிகோலன் சென்ட் தொட்டுத் துடைப்பது மச்சி வேலை. துடைத்த பஞ்சை அவள் உடனே எறியமாட்டாள், முகர்ந்து பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொள்வாள். அந்த பாட்டிலும் அண்ணன் அனுப்பியதுதான்.

பேசப் புதுசு

எங்களிடம் இருந்தது இரண்டே கேசட். அண்ணன் பேசியது ஒன்று வந்து சேர்ந்தால், அதற்கு முன்னால் வந்ததை எடுத்து, அதன் மேலேயே நாங்கள் பதில் பேசி அனுப்புவோம். அது அங்கே போனதும், எங்கள் பேச்சின் மேலேயே அவர் பேசி அனுப்புவார். ஒருவர் குரலை ஒருவர் அழித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். யாருக்கும் அது உறைக்கவில்லை. இன்னொரு கேசட் வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால், இருக்கிற ரெண்டுக்கு இன்னா கேடு என்றுதான் அத்தா சொல்லியிருப்பார்.

பேசுகிற நாளில் மட்டும் கடையிலிருந்து புதுச் செல் வரும். அதற்கு அத்தா ஒரு நியாயம் வைத்திருந்தார்.

"நம்ம கொரலு அங்க இழுத்துக்கினு போனா புள்ள பயந்துடுவான், யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு. அவன் கொரலு இங்க இழுத்தா நமக்குத் தெரியும், செல்லுன்னு. பேசறதுக்குப் புதுசு, கேக்கறதுக்குப் பழசு."

அந்த நியாயத்தில் அப்போது எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. பழைய செல்லில் அண்ணன் குரல் எப்போதும் கொஞ்சம் கனத்துத்தான் வரும். சில நாள் சாராயம் குடித்தவன் பேச்சு மாதிரி இழுக்கும். நாங்கள் வாயைப் பொத்திச் சிரிப்போம். அத்தா செல்லை மாற்றிப் போட்டதும் சரியாகிவிடும். அண்ணனின் நிஜமான குரல் எது என்பதே கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்கு மறந்துபோனது.

பேசுவதிலும் வரிசை உண்டு. முதலில் அத்தா, அப்புறம் அம்மா, அப்புறம் நான், நாடா மிச்சம் இருந்தால் கடைசியில் மச்சி. மாமனார் மாமியார் முன்னால் உட்கார்ந்து புருஷனிடம் என்ன பேசுவாள்? தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடகடவென்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். அவள் பேச்சே அப்படித்தான், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி.

ஒருமுறை அப்படிப் பேசும்போது நடுவில் இதைச் சொன்னாள்: "போன கேசட்ல உங்க கொரலு ரொம்ப இழுக்குதுங்க. மாமா செல்லு வீக்குங்கறாரு. ஒடம்பு நல்லாதான இருக்குது? நெஜத்தச் சொல்லுங்க."

அத்தா முகத்தைச் சுளித்தார். நாடா முடிந்து பட்டன் தானாக எழும்பியது.

கோதண்டம் கொண்டுவந்தது

அதற்கு அண்ணனின் பதில் வரச் சில மாதங்கள் ஆயின. கொண்டுவந்தவர் பண்டசோழநல்லூர் கோதண்டம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர். லீவில் வந்தவர், கேசட்டைக் கொடுத்துவிட்டு அம்மா கொடுத்த எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்தார்.

"எம்புள்ள எப்பிடி இருக்குதுப்பா?" என்றார் அம்மா.

"நல்லாத்தான் இருக்காரும்மா" என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உடனே எழுந்துவிட்டார். திரும்பிப் போகும்போது பதில் கேசட்டை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தோம். அத்தா வெயிலில் காய்ந்த நான்கு செல்லைப் போட்டார். பட்டனை அமுக்கினார்.

அண்ணன் குரல் அன்று எப்போதையும்விட இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீளமாக இடைவெளி. அடிக்கடி 'டக்' என்று ஒரு சத்தம். அவர் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார்.

"பாத்தியா" என்றார் அத்தா, பெருமையாக. "யோசிக்கிற நேரத்துல கூட நிறுத்தி வைக்கிறான். செல்ல மிச்சம் பண்றான். நான் சொன்னது அவனுக்குத்தான் புரிஞ்சிருக்குது."

அண்ணன் அன்று நாடா மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டார். வழக்கமாக நாடா தீருகிறவரை பேசுகிறவர். கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்றார். "இருக்கட்டுமா அத்தா, வந்துடட்டுமா? எனக்கு வந்துடலாம்னும் தோணுது. நீங்க சொல்றதுதான்." அப்புறம் மச்சிக்கு. "மும்தாஜ், கொரலு இழுக்குதுன்னு கேட்டியே. அது செல்லுதான். நான் நல்லா இருக்கேன். சரி, வச்சிடறேன்."

அத்தா விரல் இறங்கியது.

"அவனே சொல்லிட்டான்" என்றார் மச்சியைப் பார்த்து.

மச்சி எழுந்திருக்கவில்லை. முக்காட்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே, "மாமா, ஒரே ஒரு தடவ புது செல்லு போட்டுக் கேக்கலாமா?" என்றாள். அத்தாவிடம் அவள் தானாக ஒன்றைக் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு? சேதி புரிஞ்சிச்சில்ல? புதுசுல கேட்டா மட்டும் வேற சேதியா சொல்லப்போறான்?"

அம்மா விசிறியை எடுத்து வீசத் தொடங்கினார்.

பதில்

இரு என்று சொல்வதா, வா என்று சொல்வதா, அதுதான் பேச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை வரை வீட்டில் வேறு பேச்சே இல்லை. அத்தா பக்கம் இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, பாதியில் நின்ற மாடி அறை. மற்றொன்று நான். ரம்ஜான் கழிந்து நிக்காஹ் வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டுக் கடலூர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணன் வேலையை விட்டு வந்து நின்றால் அவர்கள் என்ன சொல்வார்களோ என்பது அத்தாவின் பயம். அம்மா இரண்டு பக்கமும் சாய்ந்தார். காலையில் "வந்துடட்டுங்க" என்பார், அடுப்பு அணைகிற நேரத்தில் "ஒரு வருஷந்தான" என்பார்.

மச்சி மட்டும் ஒன்றையே சொன்னாள். கிணற்றடியில் என்னிடம் சொன்னாள். "செல்லு வீக்கா இருந்தா பேச்சு மொத்தமா இழுக்கும். அவரு ரெண்டு வார்த்தைக்கு ஒருதடவ மூச்சு வாங்கறாரு, பாத்தியா?"

நான் அதை அத்தாவிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இல்லை. "அவளுக்குப் புருஷன் பக்கத்துல இருக்கணும். அதுக்கு ஒரு காரணம் வேணும்" என்று முடித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு சட்டம் போட்டுவிட்டால் அதற்கு உள்ளேயே எல்லாவற்றுக்கும் காரணம் தேடுகிறவர். அப்படிப்பட்டவர்களோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து நான்கு புதுச் செல் வந்தது. முந்தின கேசட்டைப் போட்டு, அதில் இருந்த அண்ணனின் மேல் அத்தா பேசினார். "ஒரு வருஷந்தானப்பா. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிடும். இரு. தங்கச்சி காரியம் முடியட்டும்." அம்மா வெயிலில் நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு என்றார். என் முறை வந்தபோது சௌக்கியம் கேட்டுவிட்டு நகர்ந்துகொண்டேன். என் கல்யாணத்துக்காக இரு என்று நான் எப்படிச் சொல்வேன்? இராதே என்றும் எப்படிச் சொல்வேன்?

மச்சி வந்து உட்கார்ந்தாள். பேசவில்லை. நாடா சுற்றிக்கொண்டிருந்தது.

"செல்லு ஓடுதும்மா" என்றார் அத்தா.

அவள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அத்தா நிறுத்தினார். அவள் சும்மா இருந்ததும் கேசட்டில் ஏறித்தான் இருக்கும். மஸ்கட்டில் அண்ணன் அதைக் கேட்டிருப்பார். என்ன நினைத்துக்கொண்டாரோ.

கோதண்டம் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

நிறுத்தாத பட்டன்

தந்தி வந்தது மழைக்காலம் தொடங்கும்போது. நெஞ்சு நோய் என்று இருந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அண்ணன் முகத்தை எங்களில் யாரும் பார்க்கவில்லை. அம்மா கதவு நிலையில் தலையை வைத்துக்கொண்டு, "மூணு பிடி மண்ணு கூட நாம போடலியே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் நிக்காஹ் தள்ளிப்போனது. பிறகு நடந்தது.

நாங்கள் பேசி அனுப்பிய கேசட் திரும்பி வரவில்லை. வீட்டில் மிச்சம் இருந்த அண்ணன் குரல், கோதண்டம் கொண்டுவந்த அந்த ஒரே கேசட்தான். மச்சி உள் அறையில் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற நாட்கள். அத்தா டேப்பை அவள் அறையில் கொண்டுபோய் வைத்தார். கூடவே மஞ்சள் பை. அப்போதும் பழைய செல்தான். அதைப் பார்த்து எனக்கு அவர் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

மச்சி தினமும் கேட்டாள். அவளும் பழக்கம் விடாமல், 'வச்சிடறேன்' வந்ததும் நிறுத்திவிடுவாள். நான் பென்சிலால் சுற்றிக் கொடுப்பேன்.

ஒரு மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டு அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அத்தா சாப்பிட்டுவிட்டு நடுவீட்டில் பாயில் இருந்தார். உள்ளே அண்ணன் இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். "அது செல்லுதான். நான் நல்லா இருக்கேன். சரி, வச்சிடறேன்." மச்சி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அன்று அவள் கை பட்டனுக்குப் போகவில்லை. நாடா ஓடியது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு 'டக்'.

அப்புறம் மச்சியின் குரல் வந்தது. சுவரில் சாய்ந்திருந்த மச்சி வாயைத் திறக்கவில்லை. டேப்பிலிருந்து வந்தது.

"...ரொம்ப இழுக்குதுங்க. மாமா செல்லு வீக்குங்கறாரு. ஒடம்பு நல்லாதான இருக்குது? நெஜத்தச் சொல்லுங்க."

முன்பு நாங்கள் அனுப்பியது. அதன் மேல்தான் அண்ணன் பேசியிருக்கிறார். அவரால் நாடா தீருகிறவரை பேச முடியவில்லை. மீதி நாடாவில் மச்சி கடைசியாகப் பேசியது அழியாமல் அப்படியே இருந்திருக்கிறது. அத்தாவின் விரல் முந்திக்கொண்டதால் நாங்கள் அதுவரை அந்த இடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மச்சி குரல் கடகடவென்று, அவள் எப்படிப் பேசுவாளோ அதே வேகத்தில் வந்தது. அதே டேப், அதே கேசட், அதே பழைய செல். கொஞ்சம்கூட இழுக்கவில்லை.

முறம் என் மடியில் கவிழ்ந்தது. மச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. அவளுக்கு இது புது சேதி இல்லை. நடுவீட்டில் அத்தா எழுந்து உட்கார்ந்திருந்தார்.

சட்டையைக்கூடப் போடாமல், பனியனோடு தெருவில் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் பிரிக்காத செல் பெட்டி ஒன்று இருந்தது. அறை வாசலில் நின்று, "டேப்ப இப்பிடிக் குடும்மா" என்றார். நான் வாங்கிக் கொடுத்தேன். அவர் பழைய செல்லை உருவியதில் ஈயத்தாள் கழன்று விழுந்தது. நான்கு புதுச் செல்லையும் போட்டார். பென்சிலைத் தேடவில்லை, பட்டனை அமுக்கியே பின்னால் ஓட்டினார். சத்தத்தை எவ்வளவு போகுமோ அவ்வளவும் திருகினார்.

புதுச் செல்லிலும் அண்ணன் அப்படியேதான் பேசினார். அதே இழுப்பு, சொல்லுக்குச் சொல் அதே இடைவெளி. அந்தச் சத்தத்தில் இன்னொன்றும் கேட்டது. ஒவ்வொரு 'டக்'குக்கும் முன்னால் ஒரு இருமல் தொடங்கி, பாதியில் அறுந்தது. எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று இருமல் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்கியிருக்கிறார்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றார். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். அத்தா டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் பட்டன் மேல் இல்லை.

"அது செல்லுதான்" என்றார் அண்ணன், வீடு முழுக்கக் கேட்கும்படி. "நான் நல்லா இருக்கேன்."